வைஸுக்கு அடியில்

1974-இல் ஏசுவடியானுக்கு வயது நாற்பத்தாறு. அதில் பத்தொன்பது வருடம், தூத்துக்குடி கடற்கரைச் சாலைப் பட்டறை ஒன்றில் மில்லிங் மெஷின் முன்னால் நின்றே கழிந்திருந்தது. அந்த ஐப்பசியில், ஒரே வாரத்தில் இரண்டு ஷாப்டுகளைக் கெடுத்தார்.

விசைப்படகின் விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டு அது. முனையில், விசிறியைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டை உட்கார நீளமாக ஒரு காடி, அதாவது பள்ளம், வெட்ட வேண்டும். முதல் ஷாப்டில் காடி ஒரு முனையில் ஆழமாகவும் மறுமுனையில் மேலேறியும் இருந்தது. லேத்தில் நிற்கும் சுடலைமாடன் சும்மா இருக்கவில்லை.

“கண்ணாடி போடும்வே. கோயில்ல பாட்டுப் புஸ்தகத்தையே எட்டத் தள்ளி வச்சுத்தான் படிக்கீராம்லா.”

முதலாளி ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. இன்னொன்று கெட்டால் சொந்த ஊர் நாசரேத்துக்கே போய்விடலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

இரண்டாவது ஷாப்டுக்கு ஏசுவடியான் காலை முழுவதையும் செலவிட்டார். ஷாப்டைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் அசையாத தாடையில், மயிரிழைக் கோணலையும் முள்ளால் காட்டும் டயலை முட்டவைத்து, மெஷின் மேஜையைக் கோடிக்குக் கோடி நகர்த்தினார். முள் நின்ற இடத்திலேயே நின்றது. மறுபடி பார்த்தார். அப்போதும் அப்படியே. வைஸ் நேர். அதற்குப் பிறகே வெட்டினார்.

சாவிக்கட்டையை வைத்தபோது அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

முள் பொய் சொல்லாது. கை பொய் சொல்லியிருக்க வேண்டும். முதலாளி வாசலைக் காட்டினார். ஏசுவடியான் கேட்டது ஒன்றுதான்: போகுமுன் வைஸைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தாடை இடவலம் திரும்பியிருந்தால் டயல் காட்டும். வைஸே ஒரு பக்கம் தூக்கி உட்கார்ந்திருந்தால் அந்த ஓட்டத்தில் தெரியாது. அது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

சுடலைமாடனும் அவரும் போல்ட்டுகளைத் தளர்த்தி வைஸைப் புரட்டினார்கள்.

அடிப்பாகத்தின் ஒரு கோடியில், வட்டமாக, கல்லாய்க் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

முந்தின வாரம் ஆயுத பூஜை. எல்லாவற்றையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, லேத்திலிருந்து சுத்தியல்வரை பொட்டு வைத்திருந்தார்கள். அன்று ஏசுவடியான் ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது வைஸ் மேஜைமேல் இருந்தது. போல்ட்டை முறுக்கித் தாடையை நேர்பார்த்தார், அவ்வளவுதான். கழுவும்போது அது கவிழ்ந்து கிடந்ததை அவர் பார்க்கவில்லை.

சுடலைமாடன் பார்த்திருந்தான். அவன் முதலாளி பக்கம் திரும்பினான்.

“அண்ணாச்சி, பொட்டு வச்சது உங்க கைல்லா.”

ஆவுடையப்பன் தம் மோதிர விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவடியான் தகட்டுக் கத்தியை எடுத்துவிட்டு, வைஸின் மேல் வைக்காமல் நின்றார்.

“சொரண்டட்டுமா, மொதலாளி?”

ஆவுடையப்பன் தோள்துண்டை மண்ணெண்ணெயில் நனைத்து, குனிந்து, தாமே துடைத்தார். சந்தனம் லேசில் போகவில்லை.

மறுநாள் காலை ஏசுவடியான் மூன்றாவது ஷாப்டை வைஸில் கட்டினார்.