கழுத்து நிறமே முக நிறம்

ரூபினி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் சண்டைக்கு வந்திருந்தார். மலேசியாவில் மூவார் என்ற ஊரில், முன்பு மேசை நாற்காலி செய்துகொண்டிருந்த ஒரு கொட்டகையில்தான் எங்கள் மேடை விளக்குப் பட்டறை. திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பெண் உள்ளே வந்தார். இடது சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது. முன்கையில் மூன்று பட்டையாக மேக்கப் பூச்சு.

"யோங் பெங் மண்டபத்து லைட்டு இங்க செஞ்சதுதானே? யாரு செஞ்சா?"

முதலாளி மரியநாதன் யோசிக்காமல் என்னைக் கை காட்டினார்.

"இவரா? பாத்தா படிச்ச பிள்ளை மாதிரி இருக்காரு."

"படிச்சவன்தான் அக்கா. எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங்," என்றேன்.

"அப்ப இன்னும் மோசம்."

சாஆ என்கிற ஊருக்குப் பக்கத்தில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்தப் பட்டத்தை ஒருவர் மோசம் என்றால் எனக்குச் சுருக்கென்று குத்தும். குத்தியது.

அவர் கைப்பேசியில் ஒரு கல்யாணப் படத்தைக் காட்டினார். மணமேடையில் ஒரு பெண். முகத்தில் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. தாலியின் மஞ்சள் கயிறு வெளிறி, கொஞ்சம் பச்சையடித்தது.

ரூபினி அக்கா மணப்பெண் அலங்காரம் செய்பவர். எட்டு வருடம் தினமும் விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூர் சலூன் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, யோங் பெங்கில் சொந்தமாகத் தொடங்கினார். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். கழுத்து என்ன நிறமோ முகமும் அதே நிறம். கறுத்த பெண்ணைக் கறுப்பாகவே மின்ன வைப்பார். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் விளக்கைத் திட்டவில்லை, மேக்கப்பைத் திட்டினார்கள். மண்டப மேலாளர் கமலநாதன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அடுத்த கல்யாணத்தில் இரண்டு ஷேட் வெளுப்பாகப் போட வேண்டும். இல்லையென்றால் மண்டபத்தோடு சேர்த்துக் கொடுக்கும் பேக்கேஜ் பட்டியலில் ரூபினி பெயர் இருக்காது. அவருக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியல் வழியாகத்தான். அடுத்த கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

நான் அதே மாதிரி ஒரு விளக்கை ஏற்றி, நிறம் அளக்கும் மீட்டரை நீட்டினேன். "பாருங்க அக்கா, சுத்த வெள்ளை. லைட்ல குறை இல்ல."

"மீட்டருக்கா கல்யாணம்? கைய வை."

வைத்தேன்.

"இப்ப வெளிய வா."

வாசல் வெயிலில் என் கை என் கையாக இருந்தது. திரும்ப உள்ளே போய் விளக்கில் வைத்தால், யாரோ செத்தவன் கை. அந்த விளக்கை நான் நாலு மாதம் சோதித்த பிறகுதான் மண்டபத்துக்கு அனுப்பியிருந்தேன். வெள்ளைச் சுவரில் அடித்துப் பார்த்தேனே தவிர, என் தோலில் ஒரு தடவைகூட அடித்துப் பார்க்கவில்லை.

காரணம் பிடிபட்டது. எங்கள் விளக்கில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்இடி. மூன்றும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. சுவர் வருகிறதையெல்லாம் அப்படியே திருப்பி அனுப்பும், அதனால் அங்கே ஒன்றும் தெரியாது. தோல் அப்படி இல்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில், மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் விளக்கில் ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. பழுப்புத் தோலின் களை அந்த இடத்து வெளிச்சத்தில்தான் எழும்பி வரும்.

ஆம்பர் என்கிற தேன் நிற எல்இடியை நாலாவதாகச் சேர்த்தேன். சிவப்பையும் பச்சையையும் குறைத்தேன். பழைய விளக்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரில் அடித்தால் இரண்டும் ஒரே வெள்ளை. கையை நீட்டினால் ஒன்றில் பிணம், ஒன்றில் மனுஷன். எனக்கு ஆட வேண்டும்போல் இருந்தது. ரூபினி அக்கா தன் முகத்தைக் காட்டிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார்.

"மூக்குக்குக் கீழ ஆரஞ்சு மீசை வரைஞ்சிருக்கியே தம்பி. மாப்பிள்ளைக்கு ஒண்ணு போதாதா?"

ஆம்பரை எல்லாம் ஒரே மூலையில் பூட்டியிருந்தேன். அதனால் நிழலின் ஓரத்தில் நிறம் பிரிந்து நின்றது. நாலு நிறத்தையும் நெருக்கமாக மாற்றி மாற்றி அடுக்கி, முன்னால் பால் நிறத் தகடு போட்டேன். மீசை போனது. அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது.

கமலநாதனிடம் இருவரும் போனோம். அவர் விளக்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"மத்தவங்க எல்லாம் ரெண்டு ஷேட் ஏத்தித்தான் போடுறாங்க. உனக்கு மட்டும் என்னம்மா?"

"அவங்க உங்க லைட்டுக்கு மேக்கப் போடுறாங்க. நான் பொண்ணுக்குப் போடுறேன்."

"பொண்ணு வெளுப்பாத் தெரியணும்னு தாய் தகப்பனே கேக்குறாங்க லா."

"பொண்ணு கேட்டுச்சா?"

கேட்க வேண்டிய பெண்ணின் பெயர் சாந்தினி. கல்யாணக் காலையில் நான் இரண்டு விளக்கோடு மண்டபத்து வாசலில் நின்றேன். வெளி விளக்கை உள்ளே விட முடியாது என்று கமலநாதன் மறித்தார். ரூபினி அக்கா அலங்கார அறையிலிருந்து சாந்தினியைக் கூட்டி வந்தார். பாதி அலங்காரம்தான் முடிந்திருந்தது. மணமேடையில் உட்கார வைத்து, எதிரில் ஒரு கண்ணாடியைப் பிடித்தார். மேலே மண்டபத்து விளக்கு எரிந்தது.

"நல்லா பாரு. இதுக்கு ஏத்த மாதிரி வெளுப்பா வேணும்னா சொல்லு, போட்டு விட்டுட்டுப் போறேன். உன் மூஞ்சி, உன் இஷ்டம்."

பிறகு அந்த விளக்கை அணைக்கச் சொல்லி, என்னுடையதை வாசலிலிருந்தே மேடையைப் பார்த்து ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். சாந்தினி கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தது. தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது.

"அங்கிள், இந்த லைட்டு இருக்கட்டும்," என்றது கமலநாதனிடம். "அந்த லைட்டுதான் போடுவீங்கன்னா நான் அங்க ஜன்னல்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்துக்குறேன். ஐயரை அங்க வரச் சொல்லுங்க."

பெண்ணின் அப்பா கமலநாதனைப் பார்த்தார். முகூர்த்தத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. கமலநாதன் வழி விட்டார்.

மறுநாளே ரூபினி அக்காவின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். அவரிடம் போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்கு அக்கா, "எதுக்கு? நான் தப்பு செஞ்சேனா?" என்றார்.

முதல் வருடம் வேலை பாதியாகக் குறைந்தது. கோல விலாஸ் பாத்திரக்கடைக்கு மேல் தொழிலுக்கு வாடகைக்கு எடுத்திருந்த அறையைக் காலி செய்து வீட்டு முன்னறையில் தொழிலை வைத்துக்கொண்டார். ஷேட்டை மட்டும் மாற்றவில்லை.

ரூபினி அக்காவுக்கு இப்போது முப்பத்தாறு வயது. யோங் பெங்கில் அதே முன்னறையில் இருக்கிறார். சிகாமட் ஊரிலிருந்து பத்து பகாட் என்ற ஊர் வரை கல்யாணங்களுக்குப் போகிறார், எங்கள் பட்டறையின் ஆம்பர் விளக்கு இரண்டைக் காரில் ஏற்றிக்கொண்டு. அந்த மண்டபத்தில் இன்னும் பழைய விளக்குதான் எரிகிறது. அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.