செட்டை நம்பிச் சிங்கவரம் போனேன்

பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறினேன். தூரம் பதினேழு மைல், டிக்கெட் எழுபது காசு. காலடியில் ஒரு கோணிப்பை. அதற்குள் ஸ்பேனர்கள், தோல் வாசர்கள், அடைப்புக் கயிறு, ஒரு ரம்பம். சட்டைப் பையில் ஒரு கார்டு. சிங்கவரத்து அப்பாண்டை நயினார் எழுதியிருந்தார்:

“தங்களிடம் வாங்கிய பம்ப் செட் தண்ணீர் எடுக்கவில்லை. இரண்டு ஏக்கர் நெல், கதிர் தள்ளும் சமயம். சனிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் செட்டை வண்டியேற்றி அனுப்பிவிடுவேன்.”

‘நாளை’ என்று எழுதி அடித்துவிட்டு ‘சனிக்கிழமை’ என்று திருத்தியிருந்தார். மனிதர் எவ்வளவு கலங்கியிருக்கிறார் என்று அதிலேயே தெரிந்தது. செஞ்சிப் பக்கம் நான் விற்ற முதல் செட் அது. அது திரும்பி வந்தால் அந்தத் தாலுகாவில் அப்புறம் ஒருத்தர் என் கடைப் படி ஏற மாட்டார். ஓட்டிக் காட்டாமல் திரும்புவதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன்.

கண்டக்டர் கோணியைக் காலால் தட்டினார். “பெரியவரே, இன்னா இது?”

“செட்டு சாமான்பா.”

“இன்னா செட்டு? பாண்டு செட்டா?”

“மைக் செட்டா இருக்கும். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போறாரு” என்றார் பின் சீட்டுக்காரர்.

வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் என் வாயைப் பார்த்தாள். “இல்லீங்க. பல்லு செட்டு விக்கிறாரு. மாதிரிக்கு ஒண்ணு மாட்டிக்கினு வந்துகிறாரு பாருங்க.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். கீழ்வரிசைப் பல் செட்தான், ஆனால் சொந்தக் காசில் கட்டியது.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த ஒரு வார்த்தைதான். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பாண்டு செட்டுக்கு முன்னால் காஸ் லைட் தூக்கிப் பிழைப்பைத் தொடங்கினேன். பிறகு நாடகக் கொட்டகையில் செட் தூக்கினேன். தர்பாரும் காடும் என் தோள்மேல் ஏறித்தான் மேடைக்குப் போகும். அப்புறம் சொந்தமாக மைக் செட் வாங்கி வாடகைக்கு விட்டேன். இப்போது பம்ப் செட். இதையெல்லாம் பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். சொல்லக்கூடாத விஷயமா என்ன?

ஜன்னலோரம் இருந்த கண்ணாடிக்காரர், ஏதோ ஆபீஸ் குமாஸ்தா, திரும்பினார். “இங்கிலீஷ் அகராதியில அந்த ஒரு வார்த்தைக்கே பக்கம் பக்கமா அர்த்தம் போட்டிருக்கான், தெரியுமா பெரியவரே? சிமெண்டு இறுகினா செட்டு. சூரியன் மறைஞ்சா செட்டு. கூட்டாளிங்க சேர்ந்தா செட்டு.”

“நீங்க பக்கத்தைப் புரட்டுங்க சார். நான் அதுல நாலு அர்த்தத்துல சோறு துன்னுட்டு வந்தவன்” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டு மணிக்குச் செஞ்சி. பஸ் ஸ்டாண்டு எதிரில் நாலு இட்லி, ஒரு காப்பி, நாற்பத்தைந்து காசு. சாம்பார் பரவாயில்லை. கோட்டை பார்க்க வருகிறவர்கள் அங்கேயே ராஜகிரியை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். நான் பார்த்தது மலையின் உயரத்தை. அந்த ராஜாக்கள் காலத்தில் நான் கடை வைத்திருந்தால் உச்சிவரை குழாய் போட்டுக் கொடுத்திருப்பேன்.

சிங்கவரம் இரண்டரை மைல். ஜட்காக்காரர் ஒரு ரூபாய் கேட்டார், முக்காலுக்குப் படிந்தது. திருநாதர்குன்றைத் தாண்டும்போது வண்டிக்காரர் கேட்டார், “யாரு ஊட்டுக்கு?”

“அப்பாண்டை நயினார்.”

“அடேயப்பா! எறும்பு வரிசை குறுக்க போனா வண்டிய நிறுத்தச் சொல்ற மனுசனாச்சே. அவுரு வந்தா எனக்கு அரை நாள் வாடகை போச்சு.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “நல்ல மனுசன்தான். நயினாருங்கன்னாவே ஜைனருங்களாச்சே.”

ஒன்பதரை மணிக்கு வயலில் இறங்கினேன். செருப்பில்லாத காலோடு வரப்பில் நின்றிருந்த ஒல்லியான மனிதர்தான் நயினார். பக்கத்தில் அவர் பண்ணையாள் முனுசாமி. என்ஜின் மேடை சிமெண்டு நன்றாக இறுகியிருந்தது. பம்புக்குக் குடத்தால் தண்ணீர் வார்த்து, கைப்பிடி சுற்றிக் கிளப்பினேன். குழாய் நிறையத் தண்ணீர் கொட்டியது. “பாத்தீங்களா?” என்றேன். ஒரு வெற்றிலை மடித்துப் போடுகிற நேரம்தான். நூலாக இளைத்து நின்றுவிட்டது.

தோல் வாசரை மாற்றினேன். அதே கதை. அடைப்புக் கயிறு புதிதாகச் சுற்றினேன். குழாய் இணைப்புகளை எல்லாம் இறுக்கினேன். அதே கதை.

“செட்டு போடற சத்தத்துல ஊரே முழிச்சிக்கிது பெரியவரே. தண்ணி மட்டும் தூங்குது” என்றார் முனுசாமி.

நயினார் அடிக்கடி நெல்லைத் திரும்பிப் பார்த்தார். இலை ஓரமெல்லாம் சுருண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவர் மனைவி சோறு கொண்டுவந்தார். கிணற்றில் சேந்திய தண்ணீரை, இரண்டாக மடித்த வெள்ளைத் துணி வழியாகச் சொம்பில் ஊற்றி எனக்குக் கொடுத்தார். அதோடு விடவில்லை. துணியைத் திருப்பிப் பிடித்து ஒரு கிண்ணத்தில் அலசி, அந்தத் தண்ணீரைக் கயிறு கட்டிய செம்பில் ஊற்றி, அலுங்காமல் கிணற்றுக்குள் இறக்கினார்.

“இன்னாம்மா பண்றீங்க?”

“கண்ணுக்குத் தெரியாத உசிருங்க இருக்குதே. அதுங்க ஊடு கெணறுதானே? ஊட்டுலயே கொண்டுபோய் உட்டுடணும்.”

சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டேன். “நயினாரே, கிணத்துல குழாய் அடி முனையில இன்னா பண்ணீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “துணி கட்டினேன். ரெண்டு மடிப்பு. மிஷின்ல இழுத்தா அதுங்க இன்னா ஆவும்?”

படி வழியாகக் கிணற்றில் இறங்கினேன். குழாய் முனையிலிருந்த அடி வால்வின் துளைகளைச் சுற்றி இறுக்கிய துணி, அதன்மேல் அடை தட்டினாற்போல் பாசி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாலு வாசர், ஒரு காலைப் பொழுது, என் பேர், எல்லாம் அந்தத் துணிக்குள் இருந்தன.

“அவுத்துடறேன்” என்று கத்தினேன்.

“அவுத்தா செட்டு வேணாம்” என்றார் மேலேயிருந்து. “கவலை கட்டித் தண்ணி எறைக்க மாடு படற பாட்டைப் பாக்க முடியாமத்தான் செட்டு வாங்கினேன். ஒண்ணைக் காப்பாத்த ஆயிரத்தை அரைக்கிறதா?”

“நெல்லு காயுதே, நயினாரே!” இது முனுசாமி.

“காயட்டும்.” சொன்னாரே தவிர, முகத்தை நெல்லுக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் துணியை அவிழ்க்கக் கை வரவில்லை. கிணற்றுப் படியிலேயே உட்கார்ந்து யோசித்தேன். கையகல வால்வின்மேல் துணி ஒட்டுவதால்தான் மூச்சு முட்டுகிறது. துணி வால்வைத் தொடாமல், பத்து மடங்கு அகலமாக நின்றால்? எந்த அகராதிக்காரனும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை.

“பெரிய கூடை வேணும்” என்றேன்.

“எங்க ஊட்டுக் கோழிக் கூடை கீது” என்றார் முனுசாமி.

நயினார் காதைப் பொத்திக்கொண்டார். அவர் மனைவிதான் வீட்டுக்கு ஓடி, மல்லாட்டைக் கடலை வாருகிற பெரிய கூடை இரண்டும், தன் நூல் புடவை ஒன்றும் கொண்டுவந்தார். “இது போதுமான்னு பாருங்க ஐயா. பத்தலேன்னா இன்னொண்ணு கிழிக்கிறேன்.”

வாயோடு வாய் வைத்துக் கூடைகளைக் கட்டி, மேல்கூடையின் அடியை ரம்பத்தால் அறுத்துக் குழாயை நுழைத்தேன். வால்வு நடுவில் தொங்கியது. வெளியே புடவையை இரண்டு மடிப்பாகச் சுற்றி இழுத்துத் தைத்தேன். மிதக்காமல் இருக்கக் கல் கட்டினேன். அறுபத்திரண்டு வயதில், இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று மணி நேரம் நின்றேன். அந்த வட்டாரத்தில் வேறு எவனாவது நிற்பானா?

நாலரை மணிக்குக் கிளப்பினேன். தண்ணீர் வந்தது. ஒரு வெற்றிலை நேரம் போயிற்று. இரண்டாவது வெற்றிலையும் போட்டேன். தண்ணீர் நிற்கவில்லை. நயினார் குழாயைப் பார்க்கவே இல்லை. வாய்க்காலோடு தண்ணீருக்கு முன்னால் நடந்தார், பிறகு ஓடினார். கடைசி மடையில் அது வயலுக்குள் நுழைந்தபோது அங்கேயே குந்திவிட்டார்.

எனக்கு மட்டும் ஒரு குறை. குழாய் முக்கால்தான் நிரம்பியது.

அவர் திரும்பி வந்ததும் சொன்னேன். “ஒரு மடிப்பை எடுத்துட்டா குழாய் நெறையக் கொட்டும்.”

“வேணாங்க. நெல்லுக்கு இது போதும். எனக்கும் போதும்.”

“என் செட்டு இதைவிட இழுக்கும் நயினாரே!”

“தெரியுது பெரியவரே. பொழுது சாஞ்சா நாங்க சாப்பிடறதில்ல, வாங்க. நீங்க சாப்பிடாம நாங்க கை நனைக்க முடியாது.”

தினம் காலையில் ஒரு தரம் கூடையைத் தூக்கிக் கிணற்றுக்குள்ளேயே அலசச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர்களோடு அவசரமாகச் சாப்பிட்டேன். ஆறே முக்காலுக்குச் செஞ்சியில் பஸ் பிடித்தேன்.

திண்டிவனத்தில் என் கடை வாசலில் தொட்டி கட்டி வைத்திருக்கிறேன். செட் ஓட்டிக் காட்டும்போது நாலங்குலக் குழாய் பிதுங்கத் தண்ணீர் பாயும், கும்பல் வேடிக்கை பார்க்கும். இந்த முக்கால் குழாயை அங்கே காட்டினால் சிரிப்பார்கள். பஸ்ஸில் வழி முழுக்க அதுவே உறுத்தியது.

பிறகு அந்தப் பக்கத்து நயினார் வீடுகளுக்கு என்னிடமிருந்து இன்னும் மூன்று செட் போயின. மூன்றுக்கும் நானே கிணற்றில் இறங்கிக் கூடை கட்டினேன். குழாய் ஏன் நிரம்பவில்லை என்று எந்த வீட்டிலும் என்னை யாரும் கேட்கவில்லை.