இருளம்மாள் சொன்ன பெயர்

கோம்பையில் அந்தக் காலத்தில் இருளம்மாள் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். 'பேர்சொல்லி வீடு' என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். கட்டின புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லுகிறவள் என்று அர்த்தம். பொம்பளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன, புருஷன்மார் வீட்டில் இருந்தார்கள்.

யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்னால், மழை ஏமாற்றிவிட்ட ஓர் ஐப்பசியில், அவள் புருஷன் கர்ணன் ஏலக்காட்டு வேலைக்கு மலையேறினான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புறப்படுகிற அன்று அவள் கஞ்சிக் கலயத்தைக் கையில் கொடுத்துவிட்டு அழாமல் நின்றாள்.

"மூணாம் பிறையை ரெண்டு பேரும் பாப்போம் புள்ள. நீ இங்கன பாரு, நான் அங்கன பாக்குறேன்" என்றான்.

"பிறை பாத்த கண்ணால புடிச்ச மொகத்தைப் பாக்கணும்பாக. நீங்க அங்கன யாரு மொகத்தைப் பாப்பீக?"

"கண்ணை மூடிக்கிருவேன். ஒன் மொகம் வரும்."

கோம்பையில் பிறை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மேற்கே மலை ஊரின் தலைமாட்டிலேயே நிற்கிறது. பிறை கண்ணில் படுமுன்னே மலை மறைத்துவிடும். கிழக்கே தோட்டங்களைத் தாண்டிக் கண்மாய்க் கரைக்குப் போனால்தான் மலை கொஞ்சம் தணியும், அதன் மேலே கீறினாற்போல் பிறை தெரியும். மாசம் தவறாமல் இருளம்மாள் நடந்தாள். அவளோடு கர்ணன் வளர்த்த செவலை நாயும் போகும். பிறையைக் கும்பிட்டுவிட்டு, பார்க்கப் பிடித்த முகம் வேறு இல்லாததால், குனிந்து நாயின் முகத்தைப் பார்ப்பாள். அதுவும் எஜமான் போன திசையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 'இந்நேரம் கண்ணை மூடியிருப்பாக' என்று நினைப்பாள். அந்தக் கால் நாழிகைக்காக அவள் மற்ற நாளையெல்லாம் ஓட்டினாள்.

தைக்கு வருகிறேன் என்றவன் வரவில்லை. சித்திரைக்கும் வரவில்லை. ஆடி மழையில் மலைக்காய்ச்சலில் ஆட்கள் சாகிறார்கள் என்று பேச்சு வந்தது. அடுத்த ஐப்பசியில் இருளம்மாள் நாத்தனார் அன்னத்தாயைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மெட்டுப் பாதையில் ஏறினாள். பாதி மலையில் அன்னத்தாய்க்குக் கால் பிசகிவிட்டது. அவளைச் சுமைதாங்கிக் கல்லருகே உட்கார வைத்துவிட்டு இவள் மட்டும் ஏலக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"யாரைத் தேடி வந்த ஆத்தா? பேரென்ன?" என்று ஆட்களை மேய்க்கிற கங்காணி கேட்டார்.

அங்கேதான் வந்தது வினை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்த பெண். அன்னத்தாய் இருந்தால் அண்ணன் பெயரைப் பட்டென்று சொல்லியிருப்பாள். இவள் முந்தானையைத் திருகிக்கொண்டு, "கோம்பைக்காரக. நல்ல உசரம். காதுல கடுக்கன் போட்டிருப்பாக" என்றாள்.

அந்த மலையில் ஆட்களை ஊர் வைத்துத்தான் கூப்பிடுவது. கங்காணி தலையைச் சொறிந்தார். "கோம்பையானா? அடப் பாவமே, அவன் ஆடியிலேயே காய்ச்சல்ல போயிட்டானே." பலா மரத்தடியில் ஒரு மண்மேட்டைக் காட்டினார். இருளம்மாள் அந்த மண்ணில் விழுந்து புரண்டாள்.

ஊர் கூடித் தாலியை இறக்கினார்கள். அதன்பிறகு அவள் கண்மாய்க் கரைக்குப் போகவில்லை. பிறை வந்தது, போனது. நாய் மட்டும் தனியாகப் போய்விட்டு வந்தது.

தை பிறந்ததும் மேலத்தெருவில் ஒப்பாரி கேட்டது. ஏலக்காய்ச் சுமை இறக்கி வந்த ஆள் ஒருவன், அதே மலைக்கு வேலைக்குப் போயிருந்த மொக்கம்மாள் மகன் சீனிச்சாமி ஆடியிலேயே காய்ச்சலில் செத்ததாகச் சொல்லி, அவனுடைய கம்பளியைக் கொடுத்திருந்தான். துக்கம் கேட்கப் போன இருளம்மாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். சுமைக்காரன் சொல்லிக்கொண்டே போனான்: "பலா மரத்தடியிலதான் பொதைச்சோம். அந்தத் தோட்டத்துல செத்த கோம்பையான் இவன் ஒருத்தன்தான்."

சீனிச்சாமியும் உசரம். அவன் காதிலும் கடுக்கன். இருளம்மாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் விடியுமுன் நாயைக் கூட்டிக்கொண்டு மலையேறினாள்.

கங்காணி முன்னால் நின்று, மூச்சு வாங்க, தோட்டமே கேட்கும்படி சொன்னாள்: "கர்ணன். எம் புருசன் பேரு கர்ணன்."

கங்காணி அவள் வெறுங்கழுத்தைப் பார்த்தார். "கர்ணனா? முன்பணம் தீர்ந்தாத்தான் ஊருக்கு எறங்குவேன்னு மேல்காட்டுல மரம் வெட்டிக்கிட்டு இருந்தான். கல்லுக் கணக்கா இருந்தானே ஆத்தா. 'ஒன் பொண்டாட்டி தாலியைக் கழட்டிட்டா'ன்னு சுமைக்காரன் எவனோ சொல்லியிருக்கான். அதோட கோடாலியைக் கீழ போட்டுட்டான். போன மாசம் மேற்கே மலையாளத்துப் பக்கம் போயிட்டான்."

எங்கள் பக்கம் பெண் தாலியைக் கழற்றுவது புருஷன் செத்தால் மட்டுமல்ல. அவனை வேண்டாமென்று வேறு ஆளைக் கட்டிக்கொள்வதாக இருந்தாலும் கழற்றித் தருவதுண்டு. தான் உயிரோடு இருக்கிற மனுஷன் வேறு எதை நினைப்பான்? ஆனாலும் ஒரு பகல் நடைதான். இறங்கி வந்து, 'ஏண்டி?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆம்பளை ரோஷம், அது நாசமாய்ப் போக! அவள் கூச்சமும் அவன் ரோஷமும் சேர்ந்து ஒரு குடும்பத்தைத் தின்றுவிட்டன.

ஊர் திரும்பிய இருளம்மாள் அடுத்த மூன்றாம் பிறையன்று கண்மாய்க் கரையில் நின்று மஞ்சள் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டாள். ஊர் காறித் துப்பியது. அவள் சட்டை செய்யவில்லை. அன்றிலிருந்து மெட்டு ஏறுகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, "கர்ணன், கோம்பை கர்ணன்" என்று பெயரைச் சொல்லித்தான் அனுப்புவாள். செவலை செத்து, அதன் குட்டி கூட வந்த காலத்திலும் பிறை பார்ப்பது நிற்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கண்ணை மூடுகிறாரா, மூடினால் இன்னும் தன் முகம் வருகிறதா என்று அவள் ஏங்காத மாசமில்லை.

ஒருநாள் சாயங்காலம் கூட வந்த அன்னத்தாய் பொறுக்காமல் கேட்டாள்: "ஏன் மதினி, போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் அண்ணன் பேரைச் சொல்லி அசிங்கப்படுறீக? அண்ணன் காதுக்கு எட்டுனா கோவிக்காதா?"

பிறை மலை முகட்டில் பாதி இறங்கியிருந்தது. இருளம்மாள் அதிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"கோவிக்கட்டுமே. ஏண்டி எம் பேரைச் சொன்னேன்னு என்னைய அடிக்கிறதுக்காவது வருவாகள்ல?"