ஒவ்வொருவராய்க் கேட்கிற மருமகள்

கேஸை மூடியாயிற்று என்று மாமனார் சொன்னால் மருமகளுக்குப் போதாது. கடைசியாக அடுப்படியில் நின்ற கொழுந்தனையும், அவனுக்கு முன்னால் பால் காய்ச்சிய நாத்தனாரையும் தனித்தனியே விசாரித்த பிறகுதான் செருப்பை மாட்டுவாள். "போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவ, வழி தவறி நம்ம வீட்டுக்கு வந்துட்டா" என்பாள் மாமியார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

மருமகளுக்கு வேலை ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அறையில். அங்கே மூன்று கட்டளைகளைக் குழாய் மாதிரி கோத்து வைத்திருக்கிறார்கள். முதலாவது, லேபிலிருந்து ரத்த முடிவுகளைப் படிக்கும். இரண்டாவது, கோளாறு உள்ளவர்களைப் பொறுக்கும். மூன்றாவது, அந்தப் பெயர்களை வார்டுக்கு அனுப்பும். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றும் ஓர் எண் சொல்லும். பூஜ்யம் என்றால் நலம். பள்ளிக்கூடத்தில் பூஜ்யம் வாங்கிய நம்மைப் போன்றவர்களுக்கு அதில் ஓர் ஆறுதல். வேறு எண் என்றால் வினை. ஆனால் சும்மா விட்டால் கடைசிக் கட்டளை சொல்வது மட்டும்தான் காதில் விழும். முதலாவது பாதியில் மண்டையைப் போட்டிருந்தாலும், வந்த அரைகுறையை அனுப்பிவிட்டு மூன்றாவது நலம் என்று சொல்லிவிடும். அதனால், மூன்றின் பதிலையும் கேட்டு வாங்க ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்.

பக்கத்து நாற்காலிக்காரர் நல்ல மனிதர். திரையில் "முடிந்தது" என்று காட்டினால் பார்க்க லட்சணமாக இருக்குமே என்று, கட்டளைகளுக்குக் கீழே, அந்த வரிக்கு மேலே தாமும் ஒரு வரி சேர்த்துவிட்டார்.

மாமியார் மயங்கி விழுந்து அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சமயம் அது. வார்டுக்கு வந்த தாளில் அவள் பெயர் இல்லை. பெயர் இல்லையென்றால் கோளாறு இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார் நர்ஸ். பையைக் கட்டிக்கொண்டு கட்டில் விளிம்புக்கே வந்துவிட்டாள் கிழவி. மருமகள் மட்டும், "முதல்ல சொன்னவங்களைக் கேட்டுட்டு வரேன் அத்தை" என்று லேபுக்கு நடந்தாள்.

மாமியாரின் ரத்தத்தில் ஓர் உப்பு, நெஞ்சையே நிறுத்திவிடுகிற அளவுக்கு ஏறியிருந்தது. படிக்கிற கட்டளை அவள் பெயர் வருமுன்னே நின்று போயிருந்தது. உடனே மருந்து ஏறியது; மற்ற வார்டுகளுக்கும் புதுத் தாள் ஓடியது.

கம்ப்யூட்டர் அறைக்கு வந்து, அவர் சேர்த்த வரியை மருமகள் காட்டியதும் நாற்காலிக்காரர் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. "ஒரு வரிதானேம்மா போட்டேன்."

"அடுத்த ஆள் வாயைத் திறந்தா, முன்னாடி மூணு பேர் சொன்னதும் அழிஞ்சிடும்ணே. கேக்கப் போனா அந்த 'முடிந்தது'தான் நலம்னு பதில் சொல்லும். முதல்ல பதிலை வாங்கி வெச்சுக்குவோம், அப்புறம் லட்சணம் பாப்போம்." வரியைக் கீழே இறக்கிவிட்டு, அவருக்கும் ஒரு காபி வாங்கிக் கொடுத்தாள்.

"எமன்கிட்டயே விசாரணை பண்ணி என்னை வாங்கிட்டு வந்துட்டா" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் சொன்னாள் மாமியார்.

உப்பு இறங்கிய பிறகு ஒரு காலையில், இனி வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல நர்ஸ் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கட்டிலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள் மருமகள். கிழவி தன் போர்வையை இழுத்து அவள் தோளை மூடினாள். பிறகு நர்ஸைப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள்.