கூப்பன் புத்தகத்தில் சேசுபாலன்

அரசாங்கப் பதிவின்படி, வஸ்தியாம்பிள்ளை 1942 மார்கழி இருபத்துநாலாம் திகதி காலை பாலையூற்றை விட்டுப் போய்விட்டார். அன்று பின்னேரம் அதே ஊரின் சின்ன ஓலைக் கோயிலில் கிறிஸ்து பிறப்பின் நத்தார்ப் பூசைக்கு மணி அடித்தவரும் அவரேதான்.

துறைமுகத்தில் கடற்படைக்குப் பெட்டி அடிக்கும் தச்சர் அவர். கோயிலைப் பூட்டித் திறக்கும் திறப்பும் அவரிடம்தான் இருந்தது. அந்த வருஷம் சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்டதும் ஊரில் பாதிப்பேர் காட்டுப் பக்கம் ஓடினார்கள். மாதம் ஒருமுறை பூசை வைக்க வந்து போகும் சுவாமி, பாலன் சேசு சுரூபத்தைக் கோயிலில் விடப் பயந்து இவர் கையில் கொடுத்தார்.

"உடையாமல் வைச்சிரும். நத்தாருக்கு வேணும்."

முழ நீளச் சுரூபம். முந்தின நத்தாருக்குத்தான் புதிதாக வந்தது. எங்கே வைப்பது? பீரங்கிப் பயிற்சி நடக்கும்போதெல்லாம் வீடு நடுங்கியது. அலுமாரியில் இருந்த போத்தல்கள்கூட விழுந்து உடைந்தன. கடைசியில் அவர் மனைவி மதலேனா பழஞ்சேலையில் தொட்டிலாக ஏணை கட்டி அதற்குள் சுரூபத்தைக் கிடத்தினாள். வீடு ஆடினால் ஏணையும் சேர்ந்து ஆடும், ஒன்றும் உடையாது. பிள்ளையில்லாத வீட்டில் ஏணை ஆடுவதைப் பார்க்க வஸ்தியாம்பிள்ளைக்கு என்னவோ செய்தது. ஆனால் தச்சராக யோசித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வைகாசியில், அவர் வேலைக்குப் போயிருந்த நேரம், பங்கீட்டு அரிசிக் கூப்பனுக்கு ஆட்களைப் பதிய ஊர்த் தலைமைக்காரரான விதானையார் கதிரவேல் வந்தார். ஏணைக்கு வெளியே ஒரு சின்னப் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது.

"பேர் என்ன?"

"சேசுபாலன்," என்றாள் மதலேனா. சுரூபத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தாள்.

"எத்தினை மாசம்?"

"போன நத்தாருக்குத்தான் வந்தவர்."

கைப்பிள்ளைக்கும் மரியாதை கொடுக்கும் பெண் என்று மெச்சியபடி விதானையார் எழுதிக்கொண்டார். அப்போது பார்த்து அபாயச் சங்கு ஊதியது. பதுங்குகுழிக்கு ஓடியவர் எழுதியதைச் சரிபார்க்கத் திரும்பி வரவில்லை. இரண்டு பேர் இருந்த வீட்டுக்கு மூன்று கூப்பன் புத்தகங்கள் வந்து சேர்ந்தன.

வஸ்தியாம்பிள்ளை மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு விதானையாரிடம் ஓடினார்.

"சிலையைப் பிள்ளையெண்டு எழுதினனான் எண்டு நானே போய்ச் சொல்லவோ?" என்றார் விதானையார். "என்ர தொழில் போகும். நீ பேசாமல் வைச்சிரு."

வீட்டில் மதலேனா வேறொரு சட்டம் போட்டாள். "அவரின்ர அரிசியை நாங்கள் தின்னேலாது."

"அப்ப வாங்காமல் கடையிலை விடுவம்."

"அவருக்கு வந்ததைக் கடையிலை விடுறதோ? பசியோட வாற ஆருக்கும் போடுவம்."

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் முஹம்மது தம்பியின் கூப்பன் கடை அரிசி வந்ததும், பாலனின் பங்கு தனிப் பானையில் வெந்தது. படலையைத் திறந்து யார் வந்தாலும் ஏணைக்குக் கீழே பாய் போட்டுச் சோறு வைத்தாள். காட்டிலிருந்து திரும்பி நடந்துவந்த சல்லி ஊர்க் குடும்பம் ஒன்று சாப்பிட்டது. தோப்பூர் வண்டிக்காரன் பக்கீர் சாப்பிட்டான். அவனுடைய மாடுகள் சங்குச் சத்தத்துக்கு மிரண்டு வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கைக்குள் வந்திருந்தன. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில், சங்கு ஊதாவிட்டாலும், மாடுகள் சரியாக அதே ஒழுங்கையில்தான் மிரண்டன.

வஸ்தியாம்பிள்ளைக்கும் பசிதான். சில சனிக்கிழமைகளில் அவர் படலையை நேரத்தோடு கயிறு போட்டுக் கட்டினார். நாய்கள் வராமலிருக்க என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பக்கம் நாய்களே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

கார்த்திகையில் அறிவித்தல் வந்தது: கூப்பன்காரர் எல்லோரையும் நேரில் பார்ப்பார்கள், கள்ளக் கூப்பன் வைத்திருந்தால் மறியலில் அடைப்பார்கள். மறியல் என்றால் துறைமுகப் பாஸும் போய்விடும். வஸ்தியாம்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. கிடைத்ததே கொஞ்சம், அதுவும் இறங்கவில்லை.

சோதனை நத்தாருக்கு முந்தின நாள் காலையில் வந்தது. இருட்டடிப்புச் சட்டத்தால் நடுச்சாமப் பூசை இல்லை. பாலன் அந்த வருஷம் பின்னேரம் நாலு மணிக்கே பிறக்க வேண்டியிருந்தது. காலையில் சுரூபம் இன்னும் ஏணையிலேயே கிடந்தது. கூப்பன் உத்தியோகத்தர் இரத்தினசிங்கம் எட்டிப் பார்த்தார். பின்னால் விதானையார் வேர்த்து வழிய நின்றார்.

"இது சிலை."

"ஓம், ஐயா," என்றார் வஸ்தியாம்பிள்ளை.

இரத்தினசிங்கம் நல்ல மனிதர். அதைவிட, இன்னும் நாற்பது வீடு பார்க்க வேண்டிய மனிதர். வழக்கென்றால் கடிதம், விசாரணை, விதானையாரின் அழுகை. பேரை வெட்டினால் காரியம் முடிந்தது. வெட்டுவதற்குப் படிவத்தில் இரண்டே காரணங்கள் இருந்தன.

"செத்துப்போச்சு எண்டு எழுதுறன். சரிதானே?"

"செத்தவர்தான், ஐயா. ஆனால்…"

"ஆனால்?"

"மூண்டாம் நாள் எழும்பிட்டார்."

விதானையார் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப ஊரை விட்டுப் போனதெண்டு போடுவம்."

"இண்டைக்குத்தானே வாறார்," குசினி அடுப்படியில் இருந்து மதலேனாவின் குரல் வந்தது. "போயிட்டாரெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"ஒண்டைச் சொல்லு, வஸ்தியாம்பிள்ளை. இல்லாட்டில் மறியல்தான்."

ஒரு சொல். சொன்னால் பின்னேரம் நிம்மதியாக மணி அடிக்கலாம். வெறும் படிவம், அதில் எழுதினால் ஆண்டவர் போய்விடுவாரா? ஆனால் ஆறேழு மாதமாக அந்த ஏணைக்குக் கீழே ஆட்கள் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனதை அவர் கண்ணால் கண்டிருந்தார். வந்தவர் இங்கேதான் இருந்தார். சனிக்கிழமைகளில் கயிறு கட்டியவன் யார்? யோசித்துப் பார்த்தால், இந்த வீட்டில் சரியாக இல்லாமல் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

"போனது நான் எண்டு எழுதுங்கோ, ஐயா."

"நீ முன்னுக்கு நிக்கிறாய்."

"ஓம். என்னைப் பற்றிப் பொய் சொன்னால் அந்தப் பாவம் என்னோடை போகும். அவரைப் பற்றிச் சொல்ல ஏலாது."

இரத்தினசிங்கம் பேனையைக் கடித்தார். வீட்டில் உயிரோடு இரண்டு பேர். வெட்டினால் புத்தகத்திலும் இரண்டு பேர். பெரிய ஆளின் பங்கு மிச்சமாகிறது, சின்னப் பிள்ளையின் பங்கை மட்டும் கொடுத்தால் போதும். அரசாங்கத்துக்கு இலாபம் வந்ததற்காக இதுவரை யாரும் வழக்குப் போட்டதில்லை. வஸ்தியாம்பிள்ளையை வெட்டினார்.

"இனி வீட்டுத் தலைவர் ஆர்?"

எல்லோரும் ஏணையைப் பார்த்தார்கள். அவர் அவசரமாக மதலேனாவின் பேரை எழுதிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

"புருஷன் ஊரிலை இல்லாத பொம்பிளை நான்," என்றாள் மதலேனா. "சும்மா நிக்காமல் குடிலுக்கு வைக்கோல் கொண்டாருங்கோ."

நாலு மணிக்குப் பாலன் குடிலுக்குப் போனார். பூசை முடிந்ததும் சுவாமி சொன்னபடி ஏணைக்கே திரும்பினார்.

சனிக்கிழமை பக்கீரின் மாடுகள் மிரண்டன. படலை கட்டப்படாமல் திறந்து கிடந்தது. உள்ளே வந்தவன், ஏணைக்குக் கீழே பாயில் வஸ்தியாம்பிள்ளை கைகழுவிவிட்டுக் காத்திருப்பதைக் கண்டான். மதலேனா பாலனின் பங்குச் சோற்றை இரண்டு கோப்பையில் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணன், நீங்களும் சாப்பிட வந்ததா?"

"ஓம் தம்பி," என்று வஸ்தியாம்பிள்ளை தள்ளி இருந்து இடம் கொடுத்தார். "நான் இப்ப ஊரிலை இல்லை."