மூன்று சனிக்கிழமைகளும் டொலறஸின் காரும்

டொலறஸ் இலங்கையின் மன்னாரில் பிறந்தவர். லண்டன் ஸ்ட்ரெதமில் பத்தொன்பது வருடங்களாக பஸ் ஓட்டுகிறார். பங்குக் கோயில் சனம் முகம் சுளித்தாலும், அவர் ஒரு பழமைவாதக் கட்சியின் உறுப்பினர். உழைக்கிறவரைக் கட்சி மதிக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தார். கட்சியோ அவரைக் கதிரை அடுக்கவும் தேநீர் ஊற்றவும் மதித்தது.

போன இலையுதிர்காலத்தில் கட்சித் தலைமைக்கு மூவர் போட்டியிட்டார்கள். வாக்கு உறுப்பினர்களுடையது. சனிக்கிழமைக்கு ஒருவராக அவர்கள் ஸ்ட்ரெதமுக்கு வருவார்கள், உங்கள் காரில் உறுப்பினர்களின் வீடுவீடாகக் கூட்டிப்போக ஏலுமா என்று கிளைத் தலைவர் கேட்டார்.

"கிழமை முழுக்க பஸ் ஓடுறது காணாதோ உமக்கு?" என்றார் கணவர் கிறிஸ்துராஜா.

"தலைவராகப் போறவையைக் கிட்ட இருந்து பாப்பமெண்டுதான்."

முதலில் வந்தவர் முன்னாள் அமைச்சர். அருமையான குரல். ஒருமுறை கேட்ட பெயரை மறக்கமாட்டார். ஆறு வீடு வைத்திருந்த ஒருவரிடம், வாடகைக்கு வரம்பு வைக்க ஒருநாளும் விடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். நாலு வாசல் தள்ளி, வாடகை கட்டமுடியாமல் தவித்த தாயொருத்தியிடம், வரம்பு வைத்தே தீருவேன் என்றார். குரல் கொஞ்சமும் தளம்பவில்லை. டொலறஸ் மத்தியானத்துக்குக் கொண்டுவந்த இரண்டு ரோல்ஸையும் தின்றுவிட்டு, இந்தியச் சாப்பாடு பிரமாதம் என்று பாராட்டினார்.

இரண்டாமவர் பெரிய வியாபாரி. ஒரு நிமிடம்கூடப் பிந்தமாட்டார், சுருக்கமாகப் பேசுவார். பின் சீற்றில் இருந்து போனைப் பார்த்தபடியே, அகதிகளுக்குக் கதவை இழுத்து மூடவேண்டும் என்றார்.

"நானும் அகதியாக வந்தவள்தான்," என்றார் டொலறஸ்.

"உங்களைச் சொல்லவில்லை, நீங்கள் வேறு," என்றார் அவர், தலை நிமிராமல்.

மூன்றாமவர் பெண் வழக்கறிஞர். அவரை டொலறஸுக்குப் பிடித்துப்போனது. பஸ் கடைசித் தரிப்பிடங்களில் சாரதிகளுக்குக் கழிப்பறை இல்லாததைக் கேட்டுக் குறித்துக்கொண்டார், இன்று மாலை மூவரும் பேசும் மேடையில் இதைச் சொல்வேன் என்றார். பிறகு அவருடைய ஆலோசகரின் அழைப்பு வந்தது. "சரி, கழிப்பறைக் கதையை மேடையில் தொடவில்லை," என்று போனில் சொன்னவர், அதற்குப் பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மண்டபத்தில் மூவரும் ஒரே மேடையில் இருந்தார்கள். கழிப்பறை பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கடைசியில் கிளைத் தலைவர் நன்றியுரைக்கு டொலறஸை அழைத்தார். ஒரு நன்றி, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

"ஒருவருக்கு நல்ல குரல்," என்றார் டொலறஸ். "அதை வைத்துக்கொண்டு வாசலுக்கு வாசல் வேறு சத்தியம் செய்கிறார். வியாபாரி ஐயா நேரம் தவறாதவர். ஆனால் நாள் முழுக்க அவரை ஏற்றித் திரிந்தது யாரென்று இப்போது கேட்டால், தெரியாது என்பார். வழக்கறிஞர் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். வாய் திறக்கத்தான் ஆலோசகர் அனுமதிக்கவேண்டும். நன்றி."

பின்வரிசையில் இரண்டு கிழவிகள் கைதட்டினார்கள். கிளைத் தலைவர் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். வியாபாரி, ஏதோ பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

கார் தரிப்பிடத்தில் வழக்கறிஞர் பின்னால் ஓடிவந்தார். "நீங்கள் சொன்னது சரி," என்றார், மெதுவாக.

"அதை உள்ளே சொல்லியிருக்கலாம்," என்று கதவைச் சாத்தினார் டொலறஸ். தபாலில் வாக்குச்சீட்டு வந்தபோது அதை உறை பிரிக்காமலே கிழித்துப் போட்டார்.

வென்றது நல்ல குரல்காரர். மறுகிழமை அவருடைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பஸ் ஓட்டும் பெண் ஒருவர் தலைவரோடு படத்தில் நின்றால் அழகாயிருக்குமாம். நாளைக்கு வரமுடியுமா?

"என்ன சொன்னனீர்?" என்று கேட்டார் கிறிஸ்துராஜா.

"ஷிப்ட் எண்டு சொன்னன்."

"நாளைக்கு உமக்கு லீவெல்லே?"

"ஓம். எனக்கு லீவு எண்டு உங்களுக்குத் தெரியும். அவர் கூப்பிட்டா, சாகும்வரைக்கும் எனக்கு ஷிப்ட்தான்."