கம்பி போன வழியில் ஒரு சொற்புத்தகம்

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் கட்டியவற்றைக் கேளுங்கள். சூறாவளி எங்கள் ஓலைக்குடிலைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் ஒரு கல்வீடு. பற்றை மண்டிக் கிடந்த வட்டையில் இரண்டு போகம் விளைகிற வயல். ஊர் இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில், எங்கள் பகுதியின் முதல் கொமினிகேஷன் கடை. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளோடு தொலைபேசியில் கதைக்கத் தாய்மார் என் வாசலில் வரிசையில் நிற்பார்கள். பிறகு மட்டக்களப்பு டவுனில், வாவியைப் பார்த்தபடி, இரண்டு தட்டு மாடிக் கட்டடம். ஒவ்வொரு தூணுக்கும் கம்பி கட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். இவை எல்லாவற்றின் உறுதிப் பத்திரத்திலும் என் பெயர் இருக்கிறது.

கடைசியாகச் செய்த ஒன்றில் மட்டும் இல்லை. அது ஒரு புத்தகம். நீல மட்டை. தொலைபேசிச் சேவையின் சொற்கள் ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு. அதைப் பற்றி எழுதத்தான் இப்போது பேனா எடுத்திருக்கிறேன்.

ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு ஸ்பானியம் எங்கே இருந்து வந்தது என்று கேட்பீர்கள். இளவயதில் கப்பலுக்குப் போனேன். தென்னமெரிக்காவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்றது. கப்பல்காரன் எங்களைக் கைவிட்டுவிட்டான். திரும்பி வர வழியில்லை. தொலைபேசிக் கம்பி இழுக்கிற கூட்டத்தில் சேர்ந்து பதினொரு வருடம் கம்பம் ஏறினேன். மேலே நிற்கிறவன் ஒரு சாமான் கேட்க, கீழே நிற்கிறவன் வேறொன்றைக் கொடுத்தால் ஏச்சு விழும். அந்த ஏச்சிலேதான் நான் ஸ்பானியம் படித்தேன்.

என் கட்டடத்தின் மேல்தட்டை ஒரு அலுவலகம் வாடகைக்கு எடுத்திருக்கிறது. எங்கேயோ இருக்கிற ஒரு தொலைபேசிச் சேவையின் வாடிக்கையாளர்களுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வேலை. ஆனால் அந்தச் சேவையின் கையேடுகள் எல்லாம் ஸ்பானியத்தில். ஒருநாள் தண்ணீர்த்தாங்கி ஒழுகுகிறதென்று ஸ்பேனருடன் மேலே போனேன். கணினியில் ஒரு பெண் குரல், இணைப்புப் பழுதானால் என்ன செய்வது என்று ஸ்பானியத்தில் விளக்கிக்கொண்டிருந்தது. நான் சும்மா போயிருக்கலாம். வாய் சும்மா இருக்க விடவில்லை.

"வீட்டுக்குள்ள இருக்கிற பெட்டியைப் பார்க்காம, ஏன் முதல்ல கம்பத்தில ஏறச் சொல்றா இவ?"

முகாமையாளர் கதிரையைத் திருப்பினார். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தவர், மரியாதையான பிள்ளை. "ஐயா, உங்களுக்கு இது விளங்குதா?"

"விளங்காம? பதினொரு வருசம் இதாலதானே சோறு திண்டன்."

அடுத்த நாளே என்னைக் கூப்பிட்டுக் கதிரை போட்டார். ஸ்பானியச் சொற்களின் ஒரு நீண்ட பட்டியல். ஆங்கில எழுத்து வரிசைப்படி ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஒரு சொல் நிலையத்துக்குள்ளே, அடுத்தது கம்பத்து உச்சியில், அதற்கு அடுத்தது யாருடையோ வீட்டுச் சுவரில். எல்லாம் கேட்ட சொற்கள்தான். எதுவும் கைக்கு வரவில்லை. மத்தியானத்துக்குள் நாலே நாலு சொல்லுக்குத்தான் பொருள் சொன்னேன். ஐயா தண்ணீர்த்தாங்கியையே பார்க்கட்டும் என்று அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை மெல்லச் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். முகாமையாளர் நன்றி சொல்லி, மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும் என்றார். புளுகன் என்றே நினைத்திருப்பார். கம்பத்திலிருந்து விழுந்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

அந்த அறையில் ஒரு மிஸ் இருந்தார். முந்தி எங்கள் டவுன் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்தவர். பறங்கிக் குடும்பம், வீட்டில் இன்னும் போர்த்துக்கேயம் பேசுகிறவர்கள். பிள்ளைகளுக்குத் தொலைபேசி ஆங்கிலம் பழக்க வந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகாமையாளரிடம் கேட்டார்:

"இவர் கம்பி வேலை செஞ்சவர் மனே. கம்பி என்ன, எழுத்து வரிசையிலயா போகுது?"

கத்தரிக்கோலை எடுத்துப் பட்டியலைத் துண்டு துண்டாக வெட்டினார். நிலையத்துச் சொற்களை மேசையின் ஒரு முனையிலும் வீட்டுச் சொற்களை மறு முனையிலும் வைத்தோம். மிஸ் வாசிக்க வாசிக்க நான் கண்ணை மூடிக் கம்பியோடு நடந்தேன். நிலையத்தின் பின்பக்கம், தெருவோரப் பெட்டி, கம்பம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு இறங்குகிற கம்பி, அது அகொமெத்தீதா. சுவரில் அது வந்து முடிகிற சின்னப் பெட்டி, அது ரொசேத்தா. அந்தச் சாமான் என்ன செய்யும் என்று நான் தமிழில் சொல்வேன். தங்கள் நிலையத்தில் அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று மிஸ் எழுதுவார். தன் வீட்டுப் பாஷையும் என் ஸ்பானியமும் மச்சான் மச்சாள் மாதிரி என்று இடையில் சிரிப்பார். மூன்று கிழமையில் முடித்தோம்.

அதற்குள் ஒரு பெரிய பிழையையும் நான் பிடித்தேன். சுஸ்பென்சியோன், பாஹா என்று இரண்டு சொல். கணினி இரண்டுக்கும் இணைப்பை வெட்டுவது என்று ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டிருந்தது. நான் மேசையில் கை வைத்தேன்.

"சுஸ்பென்சியோனுக்குப் போனா கம்பியைத் தொடப்படாது. ஆள் திரும்பி வரும், நம்பர் அவருக்குக் காத்திருக்கும். பாஹாவுக்குப் போனா கம்பியைச் சுத்தி எடுத்துக்கொண்டு வரணும். மறுகா அந்த நம்பர் வேற ஆளுக்கு."

மிஸ் தலையாட்டினார். தங்கள் நிலையத்திலும் இரண்டுக்கும் வேறு வேறு அட்டைதான் என்றார். முகாமையாளர் பயிற்சிக் கொப்பியை எடுத்துப் புரட்டினார். நம்பரைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கக் கேட்கிறவருக்கு, உங்கள் நம்பர் போய்விட்டது என்று பதில் சொல்லத்தான் அவருடைய பிள்ளைகள் பழகியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை அவரே கிழித்தார். அந்த நேர்மையை நான் மறைக்கமாட்டேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் அதை வைத்தே பழகுகிறார்கள். திறந்து பாருங்கள்: நிலையத்தில் தொடங்கி, கம்பி போகிற வழியே போய், வீட்டுச் சுவரில் முடிகிறது. கம்பம் ஏறாதவன் அப்படி ஒரு புத்தகம் செய்யமாட்டான். முதல் பக்கத்தில் முகாமையாளரின் பெயர், மிஸ்ஸின் பெயர். எனக்கு ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாது; என் பெயரைத் தேடி மிஸ்ஸைக் கடைசிப் பக்கம்வரை வாசிக்கச் சொன்னேன். அங்கே, தண்ணீர், மின்சார வசதி தந்த கட்டட உரிமையாளருக்கு நன்றி என்று இருந்ததாக மிஸ் வாசித்துச் சொன்னார்.

முகாமையாளரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார். "ஐயா, நீங்க வாயால சொன்னீங்க. எழுதினது நாங்கதானே."

"அப்ப என்ட பேரையும் எடுங்க," என்றார் மிஸ். "இவர் சொல்லாம நான் என்னத்தை எழுதின?"

இரண்டாம் பதிப்பு இப்போது அச்சுக்குப் போகப்போகிறது. மேல்தட்டைக் காலி பண்ணுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வாடகை வேறு, புத்தகம் வேறு. முகாமையாளருக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அந்தக் கடைசிப் பக்கத்து நன்றியை எடுத்துவிடுங்கள். தண்ணீரும் மின்சாரமும் எந்தக் கட்டடக்காரனும் கொடுப்பான். முதல் பக்கத்தில், மிஸ்ஸின் பெயருக்குப் பக்கத்தில், ஸ்பானியச் சொற்களுக்குப் பொருள் சொன்னவர் என்று என் பெயரைப் போடுங்கள். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். என் பெயர் தமிழ் எழுத்தில் வேண்டும். அதை நானே வாசித்துப் பார்க்கவேண்டும்.